வாயைக் கர்த்தருக்குக் கொடுத்தவள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. இருபத்திரண்டு வருடமாக அழுக்கு விரிப்புகளைப் பிரித்து இயந்திரத்தில் திணிக்கிற வேலை. விரிப்புக்குள் ஊசி கீசி வைத்துச் சுருட்டி அனுப்பிவிட்டால் போச்சு. நேரே வார்டுக்கே நடந்துபோய், அனுப்பினவரின் பரம்பரையையே இழுத்துவைத்துப் பேசுவாள். அப்பப்பா, என்ன வாய் அது! காது கொடுத்துக் கேட்க முடியாது.

அந்த வாயால் ஒரே ஒரு நல்லது நடந்திருந்தது. மகளை ஒரு டயர் கடைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். கல்யாணமான மாதமே அவன் கை நீட்டினான். பட்டாசு போய் வாசலில் நின்று அரை மணி நேரம் வெடித்தாள். மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். அக்கம்பக்கத்து ஜன்னலெல்லாம் திறந்துகொண்டன. அதற்குப் பிறகு மூன்று வருடம் மகள்மேல் ஒரு விரல் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்யும் இஸ்திரிக்காரியின் நச்சரிப்புத் தாங்காமல் சபைக்குப் போனாள். பாட்டு முடிந்து எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது, யாரோ தன்னைச் செல்லமாகக் கூப்பிட்டது போலிருந்ததாம். அவளை அதுவரை யார் அப்படிக் கூப்பிட்டார்கள்? குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஞானஸ்நானம் எடுத்த அன்று, "ஆண்டவரே, இந்த அசிங்கம் பிடிச்ச வாயை உமக்கே குடுத்துட்டேன்" என்றாள். கொடுத்தாள் என்றால் சும்மா இல்லை, அடியோடு கொடுத்துவிட்டாள்.

சலவைக்கூடத்தில் யாரும் நம்பவில்லை. "என்னக்கா, பட்டாசு நமுத்துப்போச்சா?" என்று சீண்டினார்கள். ஒருநாள் விரிப்பிலிருந்த ஊசி விரலில் நறுக்கென்று ஏறியது. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவள் வாயையே பார்த்தார்கள். அவள் கண்ணை மூடி, "ஸ்தோத்திரம்" என்று மட்டும் முணுமுணுத்தாள். சிரித்தவர்களெல்லாம் கப்சிப்.

சேதி சம்பந்தியம்மா காதுக்கும் போயிற்று. அடுத்த முறை மகளைப் பார்க்கப் போனபோது அந்தம்மா வாசலிலேயே மறித்து, "வாங்க பிரசங்கியம்மா!" என்று ஆரம்பித்து வாய்க்கு வந்தபடி பேசினாள். பட்டாசுக்குத் தொண்டைவரை பொங்கிக்கொண்டு வந்தது. விழுங்கினாள். "ஆண்டவர் உங்களை ஆசீர்வதிக்கட்டும்" என்று கும்பிட்டுவிட்டு, மகளைப் பார்க்காமலே திரும்பினாள். அந்த வார ஆராதனையில் இதையே சாட்சியாகச் சொன்னாள். சபை மொத்தமும் கை தட்டியது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இரண்டு நாள் கழித்து மகள் போன் செய்தாள். குரலே எழும்பவில்லை. "அம்மா, மறுபடி அடிக்க ஆரம்பிச்சுட்டார்மா. உனக்கு இனிமே யாரும் பயப்பட மாட்டாங்களாம். ஒரே ஒரு தடவை வந்து சத்தம் போட்டுட்டுப் போயேன்."

"பொறுத்துக்கோ கண்ணு. அம்மா ஜெபம் பண்றேன்."

செய்யாமல் இல்லை. முட்டி வீங்கும்வரை செய்தாள். ஆனால் போகவில்லை. வாயைத் திறந்தால் பழையவள் வெளியே வந்துவிடுவாள், வந்தால் திரும்ப உள்ளே போகமாட்டாள் என்று பயம். மகளுக்காக அழுதாள், தனக்காகப் பயந்தாள். கடைசியில் பயம்தான் ஜெயித்தது, பாவி மனுஷிக்கு.

அடுத்த மாதம் ஒருநாள் காலை, வார்டு ஆயா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "உம் பொண்ணை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்திருக்காங்க, சீக்கிரம் வா!" கன்னம் வீங்கி, காதிலிருந்து ரத்தம் வழிய மகள் கிடந்தாள். இடது காதில் உள்ளேயும் பலத்த அடி, அது இனிக் கேட்கவே கேட்காது என்றார் டாக்டர்.

விஷயம் தெரிந்து சபைப் போதகர் வந்தார். "வாயை மூடி வெச்சேனே அய்யா, அதுக்கா இது?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"கெட்ட வார்த்தையை விடச் சொன்னேம்மா. தப்பைத் தட்டிக்கேக்க வேண்டாம்னு நான் சொல்லலையே" என்றார். பிறகு, "ஆனா அன்னைக்கு நானும்தானே கை தட்டினேன்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மத்தியானமே போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு டயர் கடைக்குப் போனாள். வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். "எம் பொண்ணோட ஒரு காது போச்சுடா உன்னால! அடிச்ச கை எது, இவங்களுக்குக் காட்டு! இனி அவ உன் வீட்டுப் படி மிதிக்க மாட்டா. ஸ்டேஷனோ கோர்ட்டோ, எங்க கூப்பிட்டாலும் நான் வந்து சொல்லுவேன்!" தெரு முழுக்கக் கேட்டது. சுத்திவர நின்றவர்கள் அவனையே முறைத்தார்கள். அவன் நிமிரவில்லை. அவள் வாயில் ஒரு கெட்ட வார்த்தைகூட வரவில்லை, வருமோ என்ற பயமும் வரவில்லை. அடக் கடவுளே, இவ்வளவுதானா! இதற்கா பயந்து கிடந்தேன் என்று நடுத்தெருவில் நின்று வாய்விட்டு அழுதாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டுப்போட்ட காது மேலே தெரிந்தது.

"போய்ச் சத்தம் போட்டுட்டு வந்துட்டேன்டி கண்ணு."

மகள் அசையவில்லை. தூங்குகிறாளோ என்று எட்டிப் பார்த்தாள். கண் திறந்துதான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே முட்டி போட்டு, முகத்துக்கு நேராக மறுபடி சொன்னாள்.

மகள் அவளையே பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

"போன மாசம் கூப்பிட்டேனேம்மா" என்றாள்.