வாசிக்காமல் மறுத்த மனு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தலைச்சுமையாகப் பருத்தி வாங்கி விற்று, நாற்பது வயதுக்குள் கோவில்பட்டியில் சொந்தமாக, பருத்தியில் கொட்டை பிரிக்கும் ஜின்னிங் ஆலை போட்டேன். யார் தயவும் கிடையாது. இதை எந்தச் சபையிலும் சொல்வேன். இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வியாபாரிகளிடம் மகமை என்று ஒரு வழக்கம் உண்டு. விற்கிற ஒவ்வொரு பொதிக்கும் ஒரு சிறு பங்கைப் பொதுவில் போட்டு, அதிலிருந்து பிள்ளைகளைப் படிக்க வைப்போம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் அதற்கு நான்தான் தலைவர். டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் எத்தனையோ பேர் என் கையெழுத்தால் படித்தார்கள்.

ஒரு புரட்டாசியில், பசுவந்தனை விவசாயி வீட்டுப் பட்டதாரி ஒருவர் மகமைக் கூட்டத்துக்கு வந்தார். மெட்ராஸில் எம்.எஸ்ஸி. முடித்தவர். கார்த்திகையில் எங்கள் கரிசல் காடுகளுக்கு வந்து பங்குனியில் போய்விடும் ஒரு பருந்து உண்டு. மரத்தில் அடையாது, தரையில்தான் அடையும். அதை ஆராய்ச்சி செய்ய உதவித்தொகைக்கு மனுப் போடுகிறாராம். இங்கிலீஷில் டைப் அடித்த இரண்டு தாள்களை நீட்டி, "வாசிச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்றார்.

எனக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. கம்பெனிக் கடிதம் வந்தால், யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கணக்கப்பிள்ளையை வாசிக்கச் சொல்வேன். அன்று சுற்றிலும் பத்துப் பேர். தாளைத் தள்ளிப் பிடித்து, வரி வரியாகக் கண்ணை ஓட்டி, பக்கத்தைத் திருப்பி, மடித்து வைத்தேன்.

"ஏலே தம்பி, பருந்துக்கா மகமைத் துட்டு? கோழிக்குஞ்சு தூக்குதவனுக்கு நாம படியளக்கணுமோ?"

கூட்டம் சிரித்தது. "எங்க வீட்டுக் கூரைக்கு வரச் சொல்லுங்க, காக்காயையும் சேத்து எண்ணிட்டுப் போகட்டும்" என்றார் கமிஷன் கடைக்காரர். பட்டதாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அதான் வாசிச்சாச்சே, போயிட்டு வா" என்றேன்.

தாள்கள் என் மேசையிலேயே கிடந்தன. தை மாதம் கணக்கப்பிள்ளை எடுத்து வாசித்தார்.

"அண்ணாச்சி, இதுல துட்டே கேக்கலையே. துட்டை மெட்ராஸ்ல குடுக்குதாங்க. ரெண்டு பனிக்காலம் காட்டுல தங்கி வேலை பாக்க ஆட்சேபணை இல்லைன்னு ஊர்ப் பெரிய மனுஷர் கையெழுத்து மட்டும்தான் வேணும். ஐப்பசியோட கெடு முடிஞ்சிட்டு."

நான் மறுத்த பிறகு இந்த ஊரில் வேறு யாரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். என் சொல்லுக்கு மேல் இங்கே சொல் இல்லை என்பது அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆளனுப்பி அந்தப் பட்டதாரியை வரவழைத்து, ஆலையில் கிளார்க் வேலை கொடுத்தேன். நல்ல சம்பளம். ஊர் என்னை மெச்சியது. அந்த மெச்சலை நானும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் இருவரும் காரில் கயத்தாறுக்குப் போகும்போது, "திரும்ப ஒரு மனுப் போட்டா என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. நீங்க முழுசும் வாசிச்சிட்டுத்தான வேண்டாம்னீங்க. எத்தனை பேரைப் படிக்க வச்சவிய. நான் எழுதினதுல சரக்கு இல்லைன்னு அன்னைக்கே விட்டுட்டேன்."

எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்று சொன்னால் போதும். முன்னால் டிரைவர் இருந்தார். இறங்கியதும் சொல்லலாம் என்று நினைத்தேன். கயத்தாறில் தரகர்கள் நாலைந்து பேர் என்னை எதிர்பார்த்து நின்றிருந்தார்கள். பட்டதாரி என் பையையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.