பொட்டாசியத்தைக் கண்டு ஓடியவன்

பிளஸ் ஒன் படிக்கையில், திருத்தங்கல் பள்ளிக்கூடத்திலிருந்து விருதுநகர் அறிவியல் கண்காட்சிக்கு ஒருத்தனை மட்டும் அனுப்புவதாகச் சொன்னார்கள். கார உலோகங்களைத் தண்ணீரில் போட்டுக் காட்டி, தனிம அட்டவணைத் தொகுதியில் கீழே போகப் போக ஏன் வேகம் கூடுகிறது என்று விளக்க வேண்டும். அந்தப் பாடத்தில் என்னை அடிக்க ஆள் இல்லை. நான்தான் போவேன் என்று இருந்தேன்.

ஆமத்தூரிலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிற ஒருத்தன் போட்டிக்கு வந்தான். கிணறும் தோட்டமும் உள்ள வீட்டுப் பையன், தினமும் இஸ்திரி போட்ட சட்டை. என் அம்மாவும் அக்காவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அவனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் லேப் மேசை முன்னால் நிறுத்தினார். லித்தியம் மெல்லப் பொங்கியது. சோடியம் உருண்டையாகி, தண்ணீர் மேல் சீறிக்கொண்டு ஓடியது. பொட்டாசியம் விழுந்ததும் டப்பென்று ஊதா நெருப்பு.

அடுத்து நான் நின்ற இடம் வெளியே வேப்பமரத்தடி. கம்பெனிக்குப் போகிற வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது இதுதான்: தீயைக் கண்டால் அணைக்காதே, திரும்பிப் பார்க்காதே, ஓடு. கால் அதுவாக ஓடிவிட்டது.

"ஏலே, ஆனைக்குட்டம் அணை வரைக்கும் போயிருவான், பிடிங்கலே!" உள்ளே வகுப்புப் பையன்கள் ஒரே சிரிப்பு.

ஜன்னல் வழியே பார்த்தேன். மேசை முன்னால் அவன் அசையவே இல்லை. வேகம் கூடுவதற்கு டீச்சர் அவனிடம் காரணம் கேட்டார்.

"கீழ போகப் போக எலக்ட்ரான் கூடு ஒண்ணு கூடுது டீச்சர். கடைசி எலக்ட்ரான் அணுக்கருவ விட்டுத் தள்ளிப் போயிருது. பிடி தளந்து, சுளுவா விட்டுருது."

"சரி, குளோரின், அயோடின்? அங்கயும் கீழ போனா வேகம் கூடுமா?"

அவன் முழித்தான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "அங்க தலைகீழ் டீச்சர்! அதுக எலக்ட்ரான விடாது, அடுத்ததுகிட்ட இருந்து பறிக்கும். அணு பெருசானா இழுக்குற பலம் கொறையும். புளூரின் முரடு, அயோடின் சாது."

"பதில் சரிதான்டா. வெளிய நின்னு சொல்றவன எப்படிடா மேசை முன்னால நிறுத்துறது?" என்றார் டீச்சர். அவனை அனுப்பினார்.

கண்காட்சி முடிந்த மறுநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பொட்டாசியத்தப் போட்டதும் பாக்க வந்த பெரிய ஆளுகளே பின்னால நகந்துட்டாகலே."

"நீ?"

"நான் எதுக்கு நகரணும்? இம்புட்டுக்காணு துண்டு."

அறைய வேண்டும் போல இருந்தது. ஒரு தடவையாவது அப்படி 'எதுக்கு' என்று கேட்டுவிட்டு நிற்க எனக்கு அவ்வளவு ஆசை. எழுந்து போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டேன்.