இருபத்திரண்டு டப்பாக்களிலும் கொய்யா விதை

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணி. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் பேருந்துகள் நின்றன, ஓட்டுநர்கள் இல்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. பல இடங்களில் புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். சேலத்திலிருந்து வர வேண்டிய டாக்டரம்மா அங்கேயே மாட்டிக்கொண்டார். "கச்சிராயபாளையம் வழி திறந்திருந்தா நீ மட்டும் மலைக்குப் போய் சாம்பிள் எடுத்துட்டு வா, இல்லன்னா விட்டுடு" என்று முந்தின நாள் தொலைபேசியில் சொல்லியிருந்தார். விட்டுவிடும் எண்ணம் எனக்கில்லை.

நான் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். சொந்த ஊர் நைனார்பாளையம். அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். லேப் டெக்னீஷியன் சான்றிதழ் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. என்னை நம்பித் தனியாக அனுப்பிய முதல் வேலை இது.

வேலை என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். உயரமான இடங்களில் காற்று மெல்லியது. அங்கே வாழ்கிறவர்களின் உடம்பு அதை ஈடுகட்டச் சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்ளும் என்பது பாடப்புத்தகச் செய்தி. அப்படியானால் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் அங்கே வேறுபடுமா? ரத்தத்துக்கு வேண்டிய சில வைட்டமின்களை அவையும் உண்டாக்குகின்றன அல்லவா? டாக்டரம்மாவின் கேள்வி இதுதான். புத்தகத்தில் சொல்லும் மாற்றம் ஐயாயிரம் அடிக்கு மேல்தான் தெளிவாகத் தெரியும், கல்வராயன் மலையில் வெள்ளிமலையே ஏறக்குறைய இரண்டாயிரத்து அறுநூறு அடிதான் என்றும் அவரே எச்சரித்தார். "சாப்பாடு வேற, தண்ணி வேற. அதனால பாத்து வைப்போம்" என்றார். ஐயாயிரம் அடி என்பதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மலை என்றால் மலைதான் என்று நினைத்தேன்.

ஆறு மணிக்கு ஜீப் கிளம்பியது. நுண்ணோக்கி மரப்பெட்டியோடு என் மடியில் இருந்தது. ஓட்டுநர் ஏழுமலை அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். வடக்கனந்தலுக்கு முன்னால் ஒரு மரம் கிடந்தது. அதன் மேல் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். அண்ணன் இறங்கிப் போய்ப் பேசினார். ஒருவர் என் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர்களே வயல் ஓரமாக வழி காட்டினார்கள். "நல்லா படிச்சிருக்கியாம்மா? எங்க புள்ளைங்களுக்கும் ஒரு சீட்டு கெடைக்கட்டும்னுதான் இப்படிக் குந்திக்கினு இருக்கோம்" என்றார் அவர். தாலுக்கா அலுவலகத்துக்கு நாலு முறை நடந்து என் சாதிச் சான்றிதழை வாங்கிய நாட்கள் நினைவுக்கு வந்தன. நான் தலையாட்டினேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் பதினாறு கிலோமீட்டர். அங்கே ஐம்பது காசுக்கு ஒரு டீ குடித்துவிட்டு மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு குளிர் கூடியது. வலது பக்கம் கோமுகி அணையின் தண்ணீர் ஒரு தகடு போலச் சின்னதாகிக்கொண்டே போனது. ஒன்பதே முக்காலுக்கு வெள்ளிமலையில் ஜீப்பை நிறுத்தினோம். அங்கிருந்து நாங்கள் போக வேண்டிய சிற்றூருக்கு ஐந்து கிலோமீட்டர் நடை. ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. காரணம் படிக்கும்போது தெரியும்.

சாமைக் கொல்லைகளுக்கு நடுவே பாதை ஏறிக்கொண்டே போனது. அரை மணி நேரத்தில் எனக்கு மூச்சு இரைத்தது. நான்கு முறை உட்கார்ந்தேன். மெல்லிய காற்றின் வேலை இது என்று அண்ணனுக்கு விளக்கம் சொன்னேன். அவர் நுண்ணோக்கிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பீடி பிடித்தபடியே நடந்தார். "எனக்கு ஒன்னும் மெல்லிசா தெரிலியேம்மா" என்றார்.

பகல் பன்னிரண்டு. இருபது வீடுகள், எல்லாம் புல் வேய்ந்தவை. ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் வீட்டில் மட்டும் ஓடு. வாசலில் ஒரு கொய்யா மரம். ஊரிலேயே காலில் செருப்பு போட்டவரும் அவர் ஒருவர்தான். ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் எழுந்து நின்று, பள்ளியில் பேச்சுப் போட்டியில் பேசியது போலத் தெளிவாகப் பேசினேன். "மலையில இருக்கறவங்க ரத்தமும் வயிறும் கீழ்நாட்டுக்காரங்களோடதுல இருந்து வித்தியாசமா இருக்கான்னு சோதிச்சுப் பாக்க வந்திருக்கேன்."

கவுண்டர், இவையெல்லாம் எழுதி மேலே போகுமா என்று கேட்டார். ஆமாம், ஒவ்வொருவர் பெயரோடும் சேலத்துக்குப் போகும் என்று பெருமையாகச் சொன்னேன். அந்த ஒரு பதிலில் எவ்வளவு கெடுத்தேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

இருபத்திரண்டு பேருக்கு மூடி போட்ட சின்ன டப்பா ஒவ்வொன்று கொடுத்தேன். காலையில் மலம் எடுத்து வர வேண்டும் என்று சொன்னதும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ரத்தம் எடுக்க உட்கார்ந்தேன். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை அமிலத்தில் விட்டு, பக்கத்தில் இருக்கும் கண்ணாடித் துண்டின் நிறம் வரும்வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். நல்ல ரத்தம் நிறைய தண்ணீர் குடிக்கும். இங்கே குடிக்கவில்லை. ஹீமோகுளோபின் பத்து, ஒன்பது, எட்டரை கிராம். புத்தகப்படி பதினைந்து பதினாறு வர வேண்டிய இடம் இது.

கடைசியாகச் சின்னப்பொண்ணு வந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். ஏழு மாதக் கர்ப்பம். கணவன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். அவள் ரத்தத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டதுமே நிறம் பொருந்திவிட்டது. ஆறு கிராம். அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக இருந்தது. பிள்ளைப்பேற்றில் கொஞ்சம் ரத்தம் போனாலும் இவளால் தாங்க முடியாது.

அமிலம் கெட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. சரிபார்க்க என் விரலையே குத்திக்கொண்டேன். ஒன்பது. அமிலம் கெட்டுத்தான் போயிருக்கிறது என்று நிம்மதியடைந்தேன். உறுதி செய்ய அண்ணன் விரலையும் குத்தினேன். பதினாலரை.

"பேர்லயே ஏழு மலை வச்சிக்கினு இருக்கேன், சும்மாவா?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் குழாயைக் கழுவினேன். அமிலத்தில் ஒரு குறையும் இல்லை.

மாலை ஆறரைக்குக் கவுண்டர் வீட்டில் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். மறுநாளுக்கான கேழ்வரகுக் கூழ் மூலையில் புளித்துக்கொண்டிருந்தது. குடலுக்கு இது நல்லது, டாக்டரம்மாவுக்குப் பிடிக்கும் என்று குறித்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை ஏழு மணி. இருபத்திரண்டு டப்பாக்களும் வரிசையாகத் திட்டின் மேல் இருந்தன. பாக்டீரியா வளர்த்துப் பார்க்க ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து ஐஸ் குடுவையில் வைத்தேன். பிறகு ரத்தம் குடிக்கும் புழு இருக்கிறதா என்று பார்க்க வெயில் விழும் இடத்தில் நுண்ணோக்கியை வைத்துக் கண்ணாடியைத் திருப்பினேன். முதல் சொட்டில் புழு முட்டை எதுவும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஆறாவது வரைக்கும் இல்லை. மலைவாசிகளின் வயிறு இவ்வளவு சுத்தமா என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. ரத்தம் குறைந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டும் என்று எழுதவும் தொடங்கினேன். எட்டாவது டப்பாவில் குச்சி கடகடத்தது. ஒரு கொய்யா விதை. ஒன்பதாவதிலும் அதே விதை. முந்தின டப்பாக்களையும் திறந்து கிளறினேன். இருபத்திரண்டிலும் கொய்யா விதை இருந்தது. ஊரில் கொய்யா மரம் ஒன்றுதான், கவுண்டர் வீட்டு வாசலில்.

அந்த நேரத்தில் சின்னப்பொண்ணு வந்து சற்றுத் தள்ளி நின்றாள்.

"நர்சம்மா, நான் பாஸா?"

நான் நர்ஸ் இல்லை என்று நேற்றெல்லாம் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது திருத்தவில்லை. "இது யாரோடது அக்கா?" என்று கேட்டேன்.

அவள் ஓட்டு வீட்டுப் பக்கம் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். அவர்கள் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு நாலு வருடமாகக் கீழே நடக்கிறார்கள். நீங்கள் அசல் மலைக்காரர்கள்தானா என்று ஒவ்வொரு முறையும் கேள்வி வரும். இப்போது கீழே சீட்டுக்காக மரம் வெட்டுகிறார்கள் என்ற செய்தியும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் படித்த பெண் ஒருத்தி வந்து, மலைக்காரர் ரத்தமும் வயிறும் வேறா என்று சோதிக்கப் போகிறேன், பேர் எழுதி மேலே அனுப்புவேன் என்கிறாள். அவர்கள் என்ன நினைப்பார்கள்? தலைமுறை தலைமுறையாக இந்த மலையை விட்டு இறங்காத வீடு கவுண்டர் வீடு. அவர் வயிறு தேறினால் ஊர் தேறும் என்று இரவே கூடி முடிவு செய்து, எல்லா டப்பாவிலும் அவருடையதையே போட்டிருக்கிறார்கள். ரத்தத்தை நான் கண்முன்னால் எடுத்ததால் மாற்ற முடியவில்லை.

"எங்கம்மா கீழ்நாட்டுக்காரி," என்றாள் சின்னப்பொண்ணு. "வடக்கனந்தல் பக்கம். என் வவுத்துல அது தெரிஞ்சிட்டா எம்புள்ளைக்கு சர்ட்டிபிகேட் குடுக்க மாட்டாங்கல்ல?"

கவுண்டர் வந்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. தவறு என் பேச்சில் இருந்தது. சான்றிதழுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆறு கிராம் என்றால் என்ன ஆகும் என்பதைச் சொன்னேன். இவளுடைய உண்மையான டப்பா கிடைத்தால்தான் ரத்தம் எங்கே போகிறது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும், இன்று இவள் என்னோடு இறங்க வேண்டும் என்றேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சின்னப்பொண்ணுதான் பேசினாள். "நீ எங்களுதெல்லாம் கேக்கற. உன்னுது எங்க?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. லேப் டெக்னீஷியன் மற்றவர்களுடையதைப் பார்க்கிறவள், தன்னுடையதைக் கொடுக்கிறவள் அல்ல. ஆனாலும் பெட்டியிலிருந்து இரண்டு புது டப்பாக்களை எடுத்து ஒன்றை அவளிடம் நீட்டினேன். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் புதருக்குள் போனோம். அண்ணன் மலையின் அழகைப் பார்ப்பதற்காக வேறு திசையில் திரும்பி நின்றுகொண்டார்.

மணி ஒன்பதரை. இரண்டு கண்ணாடித் தகடுகள். முதலில் அவளுடையது. மெல்லிய ஓட்டுக்குள் நாலு உருண்டை வைத்தது போல ஒரு முட்டை, பக்கத்தில் இன்னொன்று, ஓரத்தில் மூன்று. கொக்கிப்புழு. வெறும் காலில் ஈர மண்ணை மிதிக்கிறவர்களுக்குத் தோல் வழியாக ஏறிக் குடலில் கடித்துத் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிப்பது. இரண்டாவதை வைத்தேன். எண்ணிக்கை கம்மி. முட்டை அதே முட்டை.

சான்றிதழ் வாங்கிய பிறகுதான் நான் செருப்பு போட்டேன். அதற்கு முன்னால் இருபது வருடம் நைனார்பாளையத்து வயல் வரப்பில் நடந்த கால்கள் இவை.

சின்னப்பொண்ணைப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தேன்.

"எது என்னுது?"

"பேர் எழுதின சீட்ட எடுத்துட்டா எனக்கும் தெரியாது அக்கா."

அவள் கவுண்டரைக் கூப்பிட்டாள். அவரும் குனிந்து பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்ததும் சின்னப்பொண்ணு பக்கம் திரும்பினார். "இன்னா நிக்கற, துணி எடுத்துக்கினு கெளம்பு" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். மற்றவர்களுக்கு மறுபடி டப்பா கொடுக்க அடுத்த வாரம் டாக்டரம்மாவோடு வரச் சொல்லிவிட்டு, அவளைத் தொட்டில் போலக் கட்டித் தூக்கி வர நாலு ஆட்களை அனுப்பினார். வழிக்கு ஒரு துண்டு நிறையக் கொய்யாப்பழம் கட்டிக் கொடுத்தார்.

பகல் இரண்டு மணிக்கு வெள்ளிமலையில் ஜீப் ஏறினோம். இறங்கும்போது காது அடைத்துத் திறந்தது. வடக்கனந்தலில் வெட்டிக் கிடந்த மரத்தின் மேல் அதே ஆட்கள் இருந்தார்கள். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்து, எதுவும் கேட்காமல் வயல் வழியைக் காட்டினார்கள். சின்னப்பொண்ணு அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தாயாரின் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடினாளோ என்னவோ. நான்கரைக்குக் கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் சேர்த்தோம். டாக்டரம்மா தொலைபேசியில் அங்கிருந்த டாக்டரிடம் பேசினார். ரத்தம் ஏற்றினார்கள். புழுவுக்கான மருந்தைக் கர்ப்பத்துக்கு ஒத்துவருவதாகப் பார்த்துக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் அவள் கண் இமையின் உட்புறம் லேசாகச் சிவந்திருந்தது. ஐஸ் குடுவையில் இருந்ததெல்லாம் கவுண்டருடைய பாக்டீரியாக்களே. டாக்டரம்மாவின் கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்கு இன்னும் உயரமான மலை வேண்டும், என்னைவிட வாய் குறைந்த ஆளும் வேண்டும்.

பேருந்துகள் ஓடத் தொடங்கிய பிறகு சின்னசேலம் வழியாக ஊருக்குப் போனேன். எங்கள் ஊரில் மலை இல்லை. ஏரிக்கரை மேடுதான் உயரம். புல்லுக்கட்டோடு அம்மா அதில் ஏறி வருவாள். பாதியில் நின்று, கட்டை இறக்காமலே மூச்சு வாங்கிவிட்டுத்தான் மிச்சத்தை ஏறுவாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். வயசாகிறது என்று அவளும் சொல்வாள், நானும் நம்பினேன். அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது.

கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன். இது எதற்கு என்று கேட்டாள். இந்த முறை என்ன சொல்ல வேண்டும் என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.