விடை வராத கட்டம்

அமெரிக்காவில் போல்டர் நகரில் எங்கள் பருவநிலை ஆய்வு அலுவலகத்தில் வெர்னா லிண்ட்குவிஸ்டுக்கு ஒரே வேலைதான். பூமி இவ்வளவுதான் சூடாகலாம் என்று ஒரு வரம்பு வைத்து, அதற்குள் நிற்க உலகம் எவ்வளவு புகை விடலாம் என்று கணினியைக் கேட்பது. அது கீழே இறங்கும் கோடு ஒன்றைப் போட்டுத் தரும். ஆண்டுதோறும் வாஷிங்டனிலிருந்து அரசு அதிகாரி ஒருவர் ஃபோன் செய்வார்.

"இந்த வருஷம் குறைக்க ஆரம்பிக்கலைங்க. அடுத்த வருஷத்துலேர்ந்துன்னு மாத்திப் போட்டுடுங்களேன்."

மாற்றுவாள். சரிவு இன்னும் செங்குத்தாகும். பக்கத்து மேசையில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கே வெறுத்துவிட்டது.

இந்த வருடம் போட்டுப் பார்த்த நான்கு வரம்புகளில், இருப்பதிலேயே குறைந்ததற்குக் கோடே விழவில்லை. விடை இல்லை என்றது கணினி. அப்படி வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, விடை வந்ததை மட்டும் படத்தில் வரம்புக்கு ஒரு கட்டமாகக் காட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். பார்ப்பவருக்கு எல்லாமே இன்னும் முடியும் போலத் தோன்றும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, பாருங்கள்!

இயக்குநர் கர்டிஸ் வந்தார். அவரும் வெர்னாவும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"மரம் நடற அளவைக் கொஞ்சம் கூட்டேன். விடை வந்துடும்."

"கூட்டிப் பாத்தாச்சு. கணக்குல கான்சஸ் கோதுமை நிலம் பூரா காடாயிடுச்சு. ரொட்டிக்கு உன் வீட்டுப் புல்தரையில விதைக்கலாமா?"

"அப்ப அந்தக் கட்டத்தையே எடுத்துடு."

"மாட்டேன். காலியாவே நிக்கட்டும். அதை எடுத்தா அறிக்கையில என் பேரையும் எடுத்துடு."

"வெத்துக் கட்டத்தை யாராவது காட்டுவாங்களா? மானத்தை வாங்காதே, வெர்னா."

"இத்தனை வருஷமும் காட்டாம இருந்தோமே, அதுல போகாத மானமா?"

அவள் பெயர் இல்லாத அறிக்கையை எங்கள் துறையில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். கர்டிஸ் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அறிக்கையைக் காட்ட வாஷிங்டன் போனோம். திரையில் நான்கு கட்டங்கள். மூன்றில் கோடு. நான்காவது வெறும் வெள்ளை. கோட்டு சூட்டு போட்ட அதிகாரிகள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டுதோறும் ஃபோன் செய்பவர்தான் வாயைத் திறந்தார்.

"மேடம், நாலாவது இன்னும் வரலையே. கொஞ்சம் வெயிட் பண்ணலாமா?"

"வந்துடுச்சுங்க," என்றாள் வெர்னா. "வெயிட் பண்ணிப் பண்ணித்தான் இப்படி வந்திருக்கு."

அவர் மெல்லத் தலையாட்டினார். அப்பாடா, ஒருவழியாக உறைத்துவிட்டது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் எழுந்து போய், திரைக்குப் போகும் வயரைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்த்தார்.