மீன்காரம்மா கொடுத்த திருத்தம்

ஐந்து ஆண்டுகள் நான் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் உதவியாளராக இருந்தேன். உறுப்பினர் வேறு யாருமல்ல, ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் குழந்தை மருத்துவர், தி.நகரில் கிளினிக் வைத்திருந்தாள். நான் சட்டம் படித்துவிட்டு உயர் நீதிமன்றத்தில் இன்னொருவருடைய வழக்குகளுக்கு வாய்தா வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு தேர்தலில் அவளுடைய கட்சி புதுமுகம் தேடியது. அவளுக்குச் சீட்டுக் கிடைத்தது. ஜெயிப்பாள் என்று அவள் கணவர்கூட நினைக்கவில்லை. ஜெயித்த மறுநாள் காலையில் எனக்குப் போன் செய்து, "அங்க போய் என்ன பண்ணணும்னே எனக்குத் தெரியாதுடி. நீ வந்துடு," என்றாள். போனேன்.

மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் எங்கள் அலுவலகம். அதற்கு முன் அங்கே ஒரு பல் டாக்டர் இருந்தார். வாஷ்பேசினையும் கிராம்புத் தைல வாசனையையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். மழைக்காலத்தில் அந்த வாசனை கூடும். மனு கொடுக்க வருகிறவர்கள் தங்களை அறியாமல் கன்னத்தைத் தடவிக்கொள்வார்கள்.

அவையின் நடைமுறை விதிகள் எங்கள் இருவருக்குமே புதிது. நாங்கள் எழுதிய முதல் கேள்வி திரும்பி வந்துவிட்டது. அதில் 'வருந்தத்தக்க' என்று ஒரு சொல் இருந்ததாம். கேள்வியில் கருத்து இருக்கக் கூடாது. இரண்டாவது கேள்வி நீளம் என்று திரும்பியது. மூன்றாவது, மாநில அரசைக் கேட்க வேண்டியது என்று திரும்பியது. அதன்பிறகுதான் அந்தத் தடித்த புத்தகத்தை வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தேன். அவள் டெல்லியில் இருக்கும் நாட்களில் காலை ஏழு மணிக்கே போன் வரும். பத்து மணிக்குள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். நான் ஒரு கையில் காபியும் ஒரு கையில் புத்தகமுமாக விதி எண்ணைச் சொல்ல, அவள் அந்தப் பக்கம் எழுதிக்கொள்வாள். இன்றைக்கும் காலை ஏழு மணிக்குப் போன் அடித்தால் எனக்கு அந்த நாட்கள்தான் நினைவுக்கு வரும்.

என் வீடும் அதே சந்தில்தான். அங்கே மீன் விற்றுக்கொண்டு வரும் அம்மாவை எனக்கு முன்பே தெரியும். எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை, ஆனால் தண்ணீர் கேட்டு எங்கள் வாசலில்தான் நிற்பார். பெசன்ட் நகர்க் கடற்கரைக் குப்பத்தில் வீடு. ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. ஒரு புயலுக்குப் பிறகு, வெயில் ஏறிய நேரத்தில் வெறுங்கையோடு அலுவலகத்துக்குள் வந்து நின்றார்.

"வக்கீலம்மா, ஒண்ணு கேக்கணும். நான் யாரு?"

எனக்குப் புரியவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காராமல் சொன்னார். புயலில் படகு போனவர்களுக்கும் வலை போனவர்களுக்கும் நிவாரணம் எழுதுகிறார்கள். அவருடைய ஐஸ் பெட்டி, கூடைகள், கடற்கரையில் மீன் போடும் தகரக் கொட்டகை எல்லாம் போய்விட்டன. ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்கிறார்.

"படகு கீதான்னு கேட்டாங்க. இல்லன்னேன். வலை கீதான்னு கேட்டாங்க. இல்லன்னேன். அப்ப நீ மீனவர் இல்லம்மான்னு சொல்லிட்டாங்க. எங்க அம்மா மீன் வித்தாங்க, நான் முப்பது வருசமா வித்துக்கினு கீறேன். மீனவர் இல்லன்னா நான் இன்னா, புடவை யாவாரியா?"

ஒரு கடிதம் எழுதி அனுப்பினோம். விதிப்படி இயலாது என்று மரியாதையான பதில் வந்தது. படித்துக் காட்டினேன். "வுடு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சில மாதங்கள் கழித்து மீனவர் நலனுக்கென்று ஒரு மசோதா மக்களவைக்கு வந்தது. இரண்டாம் பிரிவில், மீனவர் என்றால் யார் என்று ஒரு விளக்கம். கடலில் மீன் பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர், அவ்வளவுதான். நான் அதைப் படித்த உடனே தோழிக்குப் போன் செய்தேன்.

"ஒரு வார்த்தை சேர்த்தா போதும்டி. பிடிப்பவர் அல்லது விற்பவர்."

"நாம சேர்க்க முடியுமா?"

"யார் வேணா திருத்தம் கொடுக்கலாம். ஒரு நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். அன்னிக்கு நீ உன் இடத்துல இருந்து எழுந்து, முன்மொழிகிறேன்னு வாயால சொல்லணும். நீ இல்லன்னா திருத்தமும் இல்ல."

அந்தச் சனிக்கிழமை அவள் சென்னை வந்தாள். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது மீன்காரம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினோம். உங்களையும் சேர்க்கப் பார்க்கிறோம் என்று நான் பெருமையாக வாசித்துக் காட்டினேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"விக்கிறவங்கன்னா யாரு? ஏசி போட்ட கடையில பாக்கெட்டு மீன் விக்கிறானே, அவனுமா?"

நானும் தோழியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அவனும் வருவான்," என்றாள் தோழி மெதுவாக.

"அப்ப அவன்தான் மொதல்ல வந்து வரிசையில நிப்பான். நான் கூடையத் தூக்கிக்கினு பின்னாடி நிக்கணும். எம்.பி. அம்மா, இப்டி எழுதுங்க. கரைக்கு வந்த மீனை அன்னிக்கே, தானே விக்கிறவங்க. ஐஸ் ரூம்ல ஒரு மாசம் வச்சு விக்கிறவன் அதுல வர முடியாது, இல்ல?"

சட்டம் படித்த நான் அரை மணி நேரம் யோசித்தும் வராத வாசகம் அது. 'அன்றே', 'தானே' என்ற இரண்டு சொற்களில் எல்லாம் அடங்கிவிட்டது. அதை ஆங்கிலத்தில், அவர்கள் கேட்கும் வடிவத்தில் எழுதினேன்: பக்கம் இரண்டு, பதினேழாம் வரி, இன்ன சொல்லுக்குப் பிறகு இதைச் சேர்க்கவும். மீன்காரம்மா அந்தத் தாளை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "இவ்ளோதானா?" என்றார்.

மசோதா விவாதத்துக்கு வந்த நாள், பிற்பகல் அவை கூடும் நேரத்துக்கு மீன்காரம்மா வியாபாரம் முடித்து, குளித்து, தலைவாரி, அலுவலகத்துக்கு வந்திருந்தார். டி.வி.யைப் போட்டோம். தோழியின் கட்சியும் சேர்ந்து எதிர்க்கட்சியினர் எல்லோரும் அவையின் நடுவே நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கும் மீன் மசோதாவுக்கும் சம்பந்தமில்லை. வேறு ஒரு விஷயத்துக்கு விவாதம் கேட்டு மூன்று நாட்களாக நடந்துகொண்டிருந்த தகராறு. அந்தச் சத்தத்துக்குள்ளேயே அமைச்சர் எழுந்து மசோதாவைப் பரிசீலிக்க வேண்டும் என்றார். பேசுவதாகப் பெயர் கொடுத்திருந்தவர்கள் யாரும் பேசவில்லை.

போன் அடித்தது. லாபியிலிருந்து தோழி.

"வெளிநடப்புன்னு முடிவு பண்ணிட்டாங்கடி. எல்லாரும் வெளிய வந்தாச்சு. நானும் வந்துட்டேன்."

"கொறடா உத்தரவு எழுத்துல வந்திருக்கா?"

"இல்ல. தலைவர் சொன்னார், அவ்வளவுதான். நான் திரும்ப உள்ள போனா என்ன ஆகும்?"

"எழுத்துல இல்லன்னா பதவிக்கு ஒண்ணும் ஆகாது. கட்சியில என்ன ஆகும்னு புத்தகத்துல இல்ல."

அவள் சிரிக்கவில்லை. டி.வி.யில் சபாநாயகர் பிரிவுகளை எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார். ஒரு பிரிவுக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

"இரண்டாம் பிரிவுதான் முதல்ல வரும். இனிமே நேரமில்ல," என்றேன். "நான் உள்ள போன்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன்."

"அந்தம்மா அங்க இருக்காங்களா?"

"பக்கத்துலதான்."

போனை வைத்துவிட்டாள். மீன்காரம்மா என் முகத்தைப் பார்த்தார். "இன்னா ஆச்சு?" என்றார். நான் டி.வி.யைக் காட்டினேன். திரையில் காலியான எதிர்க்கட்சி வரிசைகள் தெரிந்தன. சபாநாயகர் அவள் பெயரைச் சொன்னார். யாரும் எழவில்லை. இரண்டாவது முறை சொல்லும்போது, ஓரத்தில் ஒரு பச்சைப் புடவை வேகமாக நடந்து வருவது தெரிந்தது. அவளுடைய இடத்துக்கு வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. முன்மொழிகிறேன் என்றாள். சுற்றிலும் அத்தனை பெஞ்சுகளும் காலி, அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். மீன் பிடிப்பவரின் மனைவியும் மகளும் அதை விற்காவிட்டால் பிடித்த மீன் வெறும் நாற்றம்தான் என்று ஒரு வாக்கியம் பேசினாள். ஆளும் தரப்பில் சிலர் சிரித்தார்கள். வெளியே போன அவள் கட்சியைக் குறிப்பிட்டு யாரோ கேலி செய்ததும் கேட்டது. அமைச்சர் பாதி எழுந்து ஏதோ சொன்னார். சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று சபாநாயகர் கேட்டார். இல்லை என்றாள். குரல் வாக்கெடுப்பு. ஆம் என்று ஒரே ஒரு குரல். இல்லை என்று பெரிய இரைச்சல். திருத்தம் தோற்றது. அடுத்த சில நிமிடங்களில் மசோதா நிறைவேறிவிட்டது.

"தோத்துட்டோம்மா," என்றேன்.

"பாத்தேன். ஒத்தையா நின்னாங்க," என்றார். எழுந்து வாஷ்பேசினில் முகம் கழுவிக்கொண்டார். பிறகு, "அவங்கள ஏதும் சொல்லுவாங்களா அவங்க ஆளுங்க?" என்று கேட்டார்.

சொன்னார்கள். மறுநாளே விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. நானும் அவளும் சேர்ந்து பதில் எழுதினோம். அவள் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. அடுத்த கூட்டத்தொடரில் அவளுக்குப் பேச நேரம் ஒதுக்கப்படவில்லை. கட்சிக்கு ஒதுக்கிய நேரத்தைக் கட்சிதான் பிரித்துக் கொடுக்கும். அதற்கு மேல் முறையீடு கிடையாது.

அவை நடவடிக்கைக் குறிப்பு வெளிவந்தபோது, அவள் பேசியதை வெட்டி ஒட்டி வைக்கலாம் என்று படித்துக்கொண்டிருந்தேன். 'குறுக்கீடுகள்', 'குறுக்கீடுகள்' என்று அடைப்புக்குறிக்குள் வந்துகொண்டேயிருந்தது. அவற்றின் நடுவே, டி.வி.யில் எங்களுக்குக் கேட்காத அமைச்சரின் அரை வாக்கியம் இருந்தது. உறுப்பினர் சொல்வது சட்டத்தின்கீழ் விதிகளை வகுக்கும்போது பரிசீலிக்கப்படும் என்கிறார். நான் இருமுறை படித்தேன். அமைச்சர் அவையில் பரிசீலிப்போம் என்று சொன்னால் அது உறுதிமொழி. உறுதிமொழிகளைப் பின்தொடர்வதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. அது கட்சி பார்க்காது, சத்தம் கேட்காது. பட்டியலில் இருப்பதைத் தீரும்வரை கேட்டுக்கொண்டேயிருக்கும். ஆனால் பட்டியலில் அது இல்லை. அவ்வளவு இரைச்சலில் யாரோ தவறவிட்டிருக்க வேண்டும்.

தோழி குழுவுக்குக் கடிதம் எழுதினாள். பக்க எண் சொன்னோம். ஒரு மாதம் கழித்துச் சேர்த்துவிட்டதாகப் பதில் வந்தது. அன்று நாங்கள் இருவரும் லஸ் முனையில் நின்றுகொண்டே ஆளுக்கு இரண்டு போண்டா சாப்பிட்டோம். அந்த ஐந்து ஆண்டுகளில் நாங்கள் கொண்டாடியது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த தேர்தலில் அவளுக்குச் சீட்டு இல்லை. எதிர்பார்த்ததுதான். அவள் அழுவாள் என்று நினைத்துப் போனேன். அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். "குழந்தைங்க வாந்தி எடுத்தா எனக்கு என்ன பண்ணணும்னு தெரியும்டி. அங்க அஞ்சு வருஷமும் தெரியாமலே நடிச்சேன்," என்றாள். ஆனால் விதிப் புத்தகத்தை எனக்குக் கொடுக்காமல் தன் பையில் வைத்துக்கொண்டாள். அலுவலகத்தைக் காலி செய்து சாவியைக் கொடுத்தோம். எனக்கு ஒரு சட்டக் கல்லூரியில் மாலை வகுப்பு எடுக்கும் வேலை கிடைத்தது. ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வீடு மாறினேன்.

அவை கலைந்தாலும் உறுதிமொழி கலைவதில்லை. புதிய அவை வந்தது, புதிய குழு வந்தது, பழைய பட்டியல் அப்படியே கைமாறியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, வகுப்புக்கு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது அரசிதழில் அந்தச் சட்டத்தின் விதிகள் வந்திருப்பதைப் பார்த்தேன். மீனவர் நலப் பலன்களுக்கு உரியவர்கள் என்ற இடத்தில், கரையில் மீனை வாங்கித் தாமே சில்லறையாக விற்பவர்கள் என்று ஒரு வரி இருந்தது. 'அன்றே' இல்லை. 'தாமே' இருந்தது.

அச்செடுத்துக்கொண்டு தி.நகருக்குப் போனேன். கிளினிக்கில் கூட்டம். ரங்கநாதன் தெருக் கடைப் பைகளோடு தாய்மார்கள், மடியில் சிணுங்கும் பிள்ளைகள். நானும் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். என் முறை வந்து உள்ளே போனதும், "உனக்கு என்ன?" என்றாள். தாளை நீட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தாள். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"நம்மாலதானா இது?" என்றாள்.

"தெரியாது. வேற நூறு பேரும் எழுதியிருப்பாங்க."

"இருக்கட்டும்," என்றாள். கண் கலங்கியிருந்தது. வெளியே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. "அடுத்த ஆளை அனுப்பு," என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மீன்காரம்மாவை அடையாறில், அவர் இப்போது மீன் போடும் இடத்தில் தேடிப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் முதலில் கேட்டது, ஏசிக் கடைக்காரன் உள்ளே வரமுடியுமா என்பதுதான். தாமே என்று இருப்பதால் கம்பெனி வருவது கஷ்டம் என்றேன். தலையை ஆட்டினார். பிறகு பதிவு செய்யப் போனபோது விண்ணப்பத்தில் படகு எண் கேட்டு ஒரு கட்டம் இருந்ததாம். படிவம் பழையது. இவர் விடவில்லை. "சட்டம் மாறிச்சு, உன் பேப்பர்தான் மாறல. இல்லன்னு எழுதிக்கோ," என்று சொல்லி எழுத வைத்திருக்கிறார். அட்டை வந்துவிட்டது. அதை எனக்குக் காட்டியபோது அதில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

இப்போது கூட்டத்தொடர் நடக்கும் பிற்பகல்களில் வகுப்புக்குக் கிளம்பும்முன் கொஞ்ச நேரம் டி.வி.யைப் போட்டுப் பார்க்கிறேன். யார் யாரோ எழுந்து எண் சொல்லித் திருத்தம் முன்மொழிகிறார்கள். தோற்கிறார்கள். மாணவர்கள் அதை வெறும் சடங்கு என்கிறார்கள். நான் மறுப்பதில்லை. சில நாள், நோயாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தோழி போன் செய்வாள். "பதினாலாம் பிரிவு பாத்தியா? அந்தக் கமா தப்புடி," என்பாள். நான் பேப்பரை எடுத்துக்கொள்வேன். யாருக்கும் அனுப்பப் போவதில்லை என்று தெரிந்தும் இருவரும் அந்தப் பிரிவைச் சரியாக எழுதி முடித்துவிட்டுத்தான் போனை வைப்போம்.