ஏரி முறையும் கம்பெனி முறையும்

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். எட்டாவதை இரண்டு தடவை படித்தும் தாண்டாதவன் நான். பேனாவைத் தொட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் எங்கள் கம்பெனி லாரி மறுபடியும் பழவேற்காடு ஏரிப் பக்கம் ஆள் எடுக்கப் போகிறது என்று கேன்டீனில் பேச்சு. அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்பு ஃபாக்டரி. எங்கள் நெல் வயல் அதன் காம்பவுண்டுக்குள் போனதால் எனக்கு பர்மனென்ட் வேலை. நிலம் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் அப்படித்தான். ஏரிக்கரை மீனவர்களிடம் பட்டா நிலம் ஏது? அவர்களையும் விடவில்லை. பின்தங்கிய ஊரைக் கைதூக்கி விடுகிறோம் என்று ஷாமியானா போட்டு, டைரக்டர் கையால் மாலை போட்டு, டிரெய்னியாக எடுத்தார்கள். போட்டோகூட பிடித்தார்கள்.

அப்படி மாலை வாங்கியவன் தேசப்பன். ஃபெட்லிங் செக்‌ஷனில், வார்த்த இரும்பின் பிசிறை உளியால் தட்டும் வேலையில், என் பக்கத்தில் நின்றான். அவனுக்கு மடவை என்று மீன் பேர் வைத்தேன்.

"இன்னாடா மடவை, தூசில மூச்சு வாங்குற? தண்ணில உட்டுடட்டா?"

"நீ மொதல்ல உளிய நேரா புடி நைனா. வெரல தட்டிக்கினு அப்புறம் அழுவாத."

அவர்கள் ஊரில் பாடு என்று ஒன்று உண்டு. மீன் நன்றாக விழும் இடங்களைக் குலுக்கல் போட்டு, வீட்டுக்கு வீடு முறை வைத்து வலை விடுவார்கள். முறை வந்த அன்று வீட்டு ஆம்பளை இறங்காவிட்டால் ஊர்க் கூட்டம் அந்த வீட்டையே பாடு முறையிலிருந்து எடுத்துவிடும். தேசப்பன் வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும்தான். ஆம்பளை என்றால் அவன் ஒருவன்.

முறை வந்தது. பர்சனல் ஆபீசரிடம் லீவு கேட்கப் போனான். துணைக்கு நானும் போனேன். பாடு என்றால் என்ன என்று பொறுமையாகச் சொன்னான். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

"டிரெய்னிங்ல லீவு கிடையாதுப்பா. போனா வேலை போனதுதான். நாளைக்கு பர்மனென்ட் ஆகப்போற ஆள், இன்னும் எதுக்கு அந்த ஏரியைக் கட்டிக்கிட்டு அழற?"

பர்மனென்ட் என்ற அந்த ஒரு வார்த்தையை நம்பி, முறை நாளன்று அவன் ஃபாக்டரிக்கு வந்தான். சாப்பாட்டு நேரத்தில், "காத்து நல்லா கீதுபா. இன்னிக்கு எறா கொட்டும்" என்றான்.

அந்த வாரமே ஊர்க் கூட்டம் அவன் வீட்டைப் பாடு முறையிலிருந்து எடுத்துவிட்டது.

டிரெய்னிங் முடிந்த அன்று அவன் ஊர் ஆட்கள் எல்லோரையும் கேட்டருகே நிற்க வைத்தார்கள். அதே ஆபீசர்தான் பேசினார்.

"உங்க ஊர்ல முறை வச்சுத்தானே மீன் பிடிக்கிறீங்க? இங்கயும் அப்படித்தான். உங்க முறை முடிஞ்சுது. அடுத்த ஊர்க்காரனுக்கும் வாய்ப்பு தரணும்ல?"

பாடு பற்றி அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் முன்வரிசையில் நின்றான்.

"சார், எங்க மொறை சுத்திக்கினு திரும்ப வரும் சார். இது எப்ப வரும்?"

அவர் லாரி டிரைவரைப் பார்த்து, அவர்களை ஊரில் இறக்கிவிடச் சொன்னார். அடுத்த மாதம் வேறு ஊரில் அதே ஷாமியானா, புது மாலைகள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டிரெய்னிங் முடிந்தபின் என்ன என்று மாலை போடும்போதே கேளுங்கள். பதில் வரும்வரை கையில் இருக்கும் பிழைப்பை விடாதீர்கள்.

தேசப்பன் இப்போது இன்னொருத்தன் பாடு முறையில் கூலிக்கு வலை இழுக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போய், இதுவரை எழுதியதைக் கரையில் உட்கார்ந்து அவனுக்குப் படித்துக் காட்டினேன். வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டே காது கொடுத்துக் கேட்டான்.

"எப்படிடா மடவை, என் எழுத்து?" என்றேன்.

"எங்க ஊர்ல எவன்டா இத்த படிப்பான், லாரி வர்றதுக்குள்ள கூட்டத்துல வந்து வாயால சொல்லு."