முன்னறையா, காரா?

கோயமுத்தூரில் கடைகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுப்பது என் தொழில். போன ஆண்டு மைசூரில் ஒரு துணிக்கடை வேலை கிடைத்தது. டைல்ஸ் ஏற்றி வந்த லாரி வழியில் குண்டலுபேட்டையில் பழுதாகி நின்றுவிட, எனக்கு எதிர்பாராத ஓய்வு. வரைபலகையும் பென்சிலுமாக ஊர் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

நான் பழகிய தெருக்களில் கட்டடங்கள் முண்டியடித்துக்கொண்டு சாலைக்கு வரும். மைசூரில் அவை கொஞ்சம் தள்ளி நின்று நமக்கு வழி விடுகின்றன. ஆஸ்பத்திரி, காலேஜ், ஏதோ ஒரு அலுவலகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு குவிமாடம். எல்லாமே அரண்மனைக்கு உறவுக்காரர்கள் மாதிரி நிற்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. வேலைக்குப் போகிறவர்களும் பைக்கை ஓரங்கட்டி, காபியை நின்று நிதானமாகக் குடித்த பிறகுதான் நகர்கிறார்கள். என் நடையும் தானாகவே மெதுவாகிவிட்டது.

ஒரு குறுக்குத் தெருவில் அந்த வீட்டைப் பார்த்தேன். ஓட்டுக்கூரை. தெருப்பக்கம் துருத்திக்கொண்டு ஒரு சின்ன முன்னறை; மூன்று பக்கமும் ஜன்னல், மேலே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி, கூரை விளிம்பில் பூவேலை செய்த மரப்பலகை. எதிர்ப்புறம் நின்று வரைய ஆரம்பித்தேன்.

கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மா விறுவிறுவென்று வந்தார்.

"யார்ரீ நீவு? ஏனு பரீத்தா இதீரா?"

எனக்குக் கன்னடம் அரைகுறை. என்ன எழுதுகிறேன் என்று கேட்கிறார் என்பது வரை புரிந்தது. அதற்குள் பக்கத்து வீட்டார் இருவர் வந்துவிட்டார்கள். ரோடு, ரோடு என்ற வார்த்தை அடிக்கடி காதில் விழுந்தது. சாலையை அகலப்படுத்த அளவெடுக்க வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள்!

"ஐயோ, இல்லீங்க! சும்மா படம் வரையறேனுங்க!" என்று பதற்றத்தில் தமிழில் கத்திவிட்டேன்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. "அட, தமிழாளுங்களா? மொதல்லயே சொல்லறதில்லீங்களா? நமக்குக் கொள்ளேகாலமுங்க, பொறந்த வீட்டுல தமிழ்தானுங்க. உள்ள வாங்க."

முன்னறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். ஜன்னல் கண்ணாடியின் பச்சை அவர் கன்னத்தில் விழுந்திருந்தது. நான் கட்டட வடிவமைப்பு தெரிந்தவள் என்றதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். மைசூரிலேயே ஹெப்பாள் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர் கணவர், மடித்த செய்தித்தாளோடு வந்தார்.

"மேடம், ஸ்வல்ப நியாயம் சொல்லுங்க," என்றார். "புதுக் கார் ரோட்லயே நிக்குது. இந்த ரூமை எடுத்துட்டா உள்ள விட்டுடலாம், அல்வா? சரிதானே?"

"இடிக்கறதுன்னா என்னையும் சேத்து இடிங்க," என்றார் அம்மா.

வீட்டுச் சண்டைக்குள் மாட்டிக்கொண்டோமே என்று தோன்றியது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. பையில் எப்போதும் இருக்கும் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். வீட்டின் பக்கவாட்டில் நல்ல அகலமான சந்து. நடுவில் ஒரு துவைக்கிற கல் மட்டும் கிடந்தது. கணவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அளந்து பார்த்தோம். மதில் சுவரில் கேட்டை நகர்த்தினால் கார் தாராளமாக நுழையும். கதவைத் திறந்து இறங்கவும் இடம் இருக்கும். முன்னறைக்குத் திரும்பி ஒரு தாளில் வரைந்து காட்டினேன்.

"கல்லை எடுக்கணுமா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "காலைல வெயில்ல ஒக்காந்து பேப்பர் படிக்கற எடம் மேடம் அது."

அம்மா அவர் பக்கம் திரும்பினார். "இத்தன நாளா என்ர ரூமுக்கு ஒரு நாளாச்சும் வந்து உக்காந்திருக்கீங்களா? இங்க வந்து படிங்க, வெயிலு இங்கயும்தான் வருது," என்றார்.

கணவர் சிரித்துவிட்டார். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

துணிக்கடை வேலை முடிந்து திறப்புவிழாவுக்குப் போனபோது அந்தத் தெருவுக்கும் போனேன். கேட் பக்கவாட்டுக்கு மாறியிருந்தது. சந்துக்குள் கார். முன்னறை ஜன்னலுக்குள் இரண்டு நாற்காலிகள். என்னைக் கண்டதும் அம்மா வாசலுக்கு ஓடி வந்தார். உள்ளே அழைத்துப்போகத்தான் என்று நினைத்தேன். அவரோ என் கையைப் பிடித்து எதிர்வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இவங்கதான் நான் சொன்னவங்க," என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் சொன்னார். "உங்க சமையக்கட்டக் காட்டுங்க."